வலது ஸ்டிக், இடது சுழற்சி: ராஜாக்கமங்கலம் பக்கத்து வயலில் விழுந்த மாடல் விமானம்

பின்னணி

குமரி மாவட்டத்து என்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் கடைசி வருஷம் படித்த மூன்று பேர், புராஜெக்ட்டுக்காக ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றைச் செய்தார்கள். வயலுக்கு மேலே பறந்து படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நான் விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து வெளியே வந்தவன், மாடல் விமானம் பறக்கவிடுவது பொழுதுபோக்கு. பிள்ளைகளில் ஒருவன் என் பக்கத்து வீடு என்பதால் வழிகாட்டி என்ற பெயரில் நானும் உள்ளே வந்தேன். இதை எழுதக் காரணம் விமானம் விழுந்தது மட்டும் இல்லை. விழுந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அது பல நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

விமானத்தின் கணக்கு இது. இறக்கை நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் 22 சென்டிமீட்டர், பேட்டரியோடு சேர்த்து எடை 1,450 கிராம். ஃபோம் போர்டில் உடல், கார்பன் குழாய் முதுகெலும்பு, இறக்கை உடலுக்கு மேலே. நேராகப் பறக்கும்போது நொடிக்கு 8 மீட்டர் சொச்சம் வேகத்துக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். சாதாரணமாகப் பறக்கும் வேகம் நொடிக்கு 12 மீட்டர். உள்ளே ஒரு ஃப்ளைட் கண்ட்ரோலரும் (விமானத்தை இயக்கும் சின்னக் கணினி) ஜிபிஎஸ்ஸும் இருந்தன. காற்றை வைத்து வேகம் அளக்கும் சென்சார் வாங்கவில்லை, காசு பத்தவில்லை. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாக வரும்.

இடம் தேடியதில் ஆரல்வாய்மொழியைத்தான் பையன்கள் முதலில் சொன்னார்கள், பரந்த வெளி, மேய்ச்சல் மாடு தவிர யாரும் கிடையாது. நான் வேண்டாம் என்றேன். கணவாயில் வரும் காற்று எப்படிப்பட்டது என்பதற்கு முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சாட்சி, போதாததற்கு மலைக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ராஜாக்கமங்கலத்துக்கு உள்பக்கம் கும்பப்பூ அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல் ஒன்றைப் பிடித்தோம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் தூரத்தில் மலை. வயல்காரப் பெரியவர் பெரிய மனசுக்காரர், "மாட்டு மேல மட்டும் விட்டுராதீங்க மக்களே" என்றதோடு சரி.

பிப்ரவரியில் செய்த இரண்டு மாற்றங்கள்

முதல் பறப்பு பிப்ரவரி நடுவில். அப்போது இறக்கை இரண்டு பக்கமும் ஆறு டிகிரி மேல்நோக்கி வளைந்திருந்தது, அதாவது டைஹெட்ரல். வாலில் செங்குத்தாக நிற்கும் ஃபின் சின்னது. விமானம் பறந்தது, ஆனால் வாலை ஆட்டிக்கொண்டே பறந்தது. இடது பக்கம் சாயும், மூக்கு வலது பக்கம் போகும், பிறகு அப்படியே மாறும், தண்ணீரில் போகிற வாத்து மாதிரி. இதற்கு டச் ரோல் என்று பெயர். டைஹெட்ரல் பலமாகவும் ஃபின் பலவீனமாகவும் இருந்தால் வருவது. படம் எடுக்கிற விமானத்துக்கு இது ஆகாது, கேமரா முழுக்க ஆடும்.

நான் பார்த்ததும் சொன்னேன், ஃபின்னை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்குங்கள் என்று. தவறான ஆலோசனை கிடையாது. ஆனால் அதே வாரத்தில் இறங்கும்போது இறக்கை ஒடிந்தது, புதுசாகச் செய்தபோது வளைவு வைப்பது கஷ்டமாக இருக்கிறது என்று நேராக, தட்டையாக, ஒரே குழாயில் செய்துவிட்டார்கள். என்னிடம் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். உயர இறக்கை, உடல் கீழே தொங்குகிறது, அதுவே கொஞ்சம் நிமிர்த்தும் என்று நினைத்தேன். ஆக ஃபின் பெரிதானது, டைஹெட்ரல் போனது, இரண்டும் ஒரே நேரத்தில், இரண்டும் ஒரே திசையில். ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது. எங்களுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம், வேறு எதையும் பார்க்கவில்லை.

மார்ச் தொடக்கத்தில் இந்தப் புது அமைப்பில் ஒரு பறப்பு, காலை ஆறரை மணிக்கு, இலை அசையாத நேரம். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னோம். பறக்கவிட்ட பையன் மட்டும், "அண்ணே, திரும்பும்போ கைய எடுக்கவே முடியல, பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு" என்றான். பழகிவிடும் என்றேன். அந்தப் பறப்பின் லாக், அதாவது கண்ட்ரோலர் பதிந்துவைத்த விவரம், மூன்று வாரம் யாராலும் திறக்கப்படாமல் லேப்டாப்பில் கிடந்தது.

விழுந்த அன்று

மார்ச் கடைசி வாரம், ஒரு ஞாயிறு. ஏழு மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. ஒரு சர்வோவின் (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) ஒயர் லூஸ் ஆகி, அதைச் சரிசெய்து, நடுவில் ஒருத்தன் டீ வாங்கப் போய், கடைசியில் விமானம் கையை விட்டுப் போனபோது மணி பத்தரை. கடற்காற்று எழும்பிவிட்டது. பறக்கவிடும் பையன் கடற்கரை ஊர்க்காரன், அவனே சொன்னான், "காத்து மாறிட்டு, கடல்ல இருந்து வருது" என்று. லேசான காற்றுதானே, ஆளைத் தள்ளவா போகிறது என்று எல்லோரும் நினைத்தோம், நான் உட்பட.

கடலை நோக்கி எறிந்தார்கள், எதிர்காற்றில் சுகமாக ஏறியது. இடது பக்கமாக இரண்டு சுற்று போனது. மூன்றாவது சுற்றில், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தோப்புப் பக்கம் போகும்போது, விமானம் ரொம்ப வேகமாகப் போகிறது என்று பையன் திராட்டிலை, அதாவது மோட்டார் பவரை, குறைத்தான். தரையில் நின்று பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உயரம் 25 மீட்டர் இருக்கும். தோப்பு நெருங்குகிறது என்று இடது பக்கம் திருப்பினான். திரும்பியது, ஆனால் வட்டம் தோப்புப் பக்கமாகவே விரிந்துகொண்டு போனது. இன்னும் சுருக்கித் திருப்ப எலிவேட்டரை, மூக்கை மேலே தூக்கும் வால் மடலை, இழுத்தான். சாய்வு தானாகவே அதிகமானது, மூக்கு தாழ ஆரம்பித்தது. அவன் பதறி வலது பக்கம் முழு ஸ்டிக் கொடுத்தான்.

விமானம் இடது பக்கமே புரண்டது. அரைச் சுற்று சுற்றி, மூக்கு கீழே போக, வரப்பிலிருந்து நாலடி தள்ளி மண்ணில் குத்தியது. யாருக்கும் அடியில்லை, மாடுகளும் தூரத்தில். பெரியவர் ஓடி வந்து பார்த்துவிட்டு, "எடது செறகு மொதல்ல தாந்துச்சுல்லா, அடிபட்ட கொக்கு மாதிரி" என்றார். எங்களில் யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை. பிறகு லாக் பார்த்தபோதுதான் தெரிந்தது, அன்று அந்த வயலில் சரியாகப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

முதலில் எங்களுக்குத் தோன்றியவை

அங்கேயே நின்று மூன்று காரணம் பேசினோம். ஒன்று, சிக்னல் போய்விட்டது. வலது பக்கம் கொடுத்தும் இடது பக்கம் போயிற்று என்றால் ரிமோட் பேச்சையே கேட்கவில்லை என்று அர்த்தம் அல்லவா, கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு, இடது ஏலிரானின் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) சர்வோ கெட்டுவிட்டது. எடுத்துப் பார்த்தால் கியரில் பல் உடைந்திருந்தது, பையன்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள். மூன்று, காற்று அடித்துத் தள்ளிவிட்டது.

மூன்றாவதை ஒரு மணி நேரம் நானும் நம்பினேன். காற்றின் மேல் பழியைப் போடுவதில் ஒரு வசதி, காற்று வந்து மறுத்துப் பேசாது. புராஜெக்ட் அறிக்கையில் எதிர்பாராத காற்று வீச்சு என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அந்த மூவரில் இருந்த பெண்தான் விடவில்லை. "சார், லாக் இருக்குல்ல, அத பாக்காம எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். அன்று இரவு மெமரி கார்டைக் கழற்றி எடுத்தாள்.

லாக் சொன்னது

சிக்னல் கடைசி வரை திடமாக இருந்தது. ஸ்டிக்கில் பையன் கொடுத்தது ஒவ்வொன்றும் கண்ட்ரோலருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் காரணம் அங்கேயே முடிந்தது.

சர்வோ விஷயம் கொஞ்சம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் லாக்கில் இருப்பது சர்வோவுக்குப் போன கட்டளை மட்டும்தான், சர்வோ உண்மையில் அசைந்ததா என்பது அதில் இருக்காது. ஆனால் வலது ஸ்டிக் போனதும் முதலில் இடது புரளல் ஒரு கணம் தயங்கியிருக்கிறது, பிறகு அதே நேரத்தில் மூக்கு இடது பக்கம் இழுபட, புரளல் திரும்பிச் சட்டென்று ஏறி நொடிக்கு 140 டிகிரி வரை போயிருக்கிறது. ஏலிரான் வேலை செய்யாமல் இருந்திருந்தால் முதலில் அந்தத் தயக்கமும் இருந்திருக்காது, மூக்கு அப்படி இழுபட்டிருக்கவும் காரணமில்லை. கியர் பல் மண்ணில் குத்தியபோது உடைந்தது என்று முடிவுக்கு வந்தோம்.

அப்புறம் காற்று. இதைக் கண்டுபிடிக்க அவள் ஒரு நல்ல வழி பிடித்தாள். முந்தைய சுற்றுகளில் கடலை நோக்கிப் போனபோது ஜிபிஎஸ் வேகம் நொடிக்கு 7 மீட்டர், தோப்பை நோக்கிப் போனபோது 17. நடுவில் 12, அதுதான் விமானம் காற்றுக்குள் போன வேகம். ஆக, காற்று நொடிக்கு 5 மீட்டர். திரும்பத் தொடங்கியபோது ஜிபிஎஸ்ஸில் 15.8 இருந்தது. அதில் 5-ஐக் கழித்தால் 10.8. பையன் கண்ணுக்கு அது பாய்ந்து போகிற விமானம், இறக்கைக்கோ அது தளர்ந்து போகிற விமானம். வேக சென்சார் இருந்திருந்தால் இந்தக் கழித்தல் கணக்கைத் தரையில் இருந்தே படித்திருக்கலாம்.

கடைசியாகச் சாய்வு. பையன் கொடுத்தது ஏறக்குறைய 30 டிகிரி. அதற்குப் பிறகு ஏலிரான் ஸ்டிக் நடுவில் இருக்கிறது, ஆனால் சாய்வு 40, 45, 52 என்று தானாக ஏறுகிறது. இதைப் பார்த்த பிறகுதான் மார்ச் தொடக்கத்துப் பறப்பின் லாக்கைத் திறந்தோம். காற்றே இல்லாத அந்தக் காலையிலும் இதே கதை, கையை விட்டால் 15 டிகிரி சாய்வு நாலு நொடியில் 30 ஆகியிருந்தது. பையன் அன்றே சொன்னது இதைத்தான், "கைய எடுக்கவே முடியல." நான்தான் காதில் வாங்கவில்லை.

ஏன் அப்படி

திரும்பும்போது விமானத்தின் எடையைத் தாங்குவது மட்டும் இறக்கையின் வேலை இல்லை, அதைப் பக்கவாட்டில் இழுத்து வளைப்பதும் அதே இறக்கைதான். அதனால் சாயச் சாய அது அதிகம் தூக்க வேண்டும். 30 டிகிரி சாய்வில் எடையைப் போல 1.15 மடங்கு, 45-ல் 1.41 மடங்கு, 60-ல் இரண்டு மடங்கு. ஸ்டால் வேகம் இதன் வர்க்கமூலத்தில் ஏறும், அதாவது 45 டிகிரியில் 19 சதவீதம் கூடுதல், 60-ல் 41 சதவீதம். எங்கள் விமானத்துக்கு நேர்ப் பறப்பில் 8.2 என்று வைத்தால் 52 டிகிரி சாய்வில் 10.4 ஆகிறது. திராட்டில் குறைந்து, எலிவேட்டரும் இழுத்த நிலையில் விமானத்திடம் இருந்த வேகம் பத்து பக்கம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது, மிச்சம் எல்லாம் விழுகிற விதம் மட்டும்தான்.

சாய்வு ஏன் தானாக ஏறியது என்பதற்கு இரண்டு காரணம். வட்டத்தில் போகும்போது வெளி இறக்கை பெரிய வட்டத்தில் போகிறது, உள் இறக்கை சின்ன வட்டத்தில். கோயில் தேர் முக்குத் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகம் உருளுமே, அப்படி. பெரிய விமானத்தில் இந்த வித்தியாசம் சொற்பம். எங்களுடையது நொடிக்கு 12 மீட்டரில் 45 டிகிரி சாய்ந்தால் வட்டத்தின் ஆரம் 15 மீட்டருக்கும் குறைவு, இறக்கையோ ஒன்றரை மீட்டர். இரண்டு முனைகளுக்கும் இடையே வேகத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தில் போவதால் அங்கே வித்தியாசம் இன்னும் இரட்டிப்பு. வெளி இறக்கை மேலும் மேலும் தூக்கும், சாய்வு ஏறும்.

இதைத் தடுக்க வேண்டியது டைஹெட்ரல். சாய்ந்த விமானம் தாழ்ந்த இறக்கைப் பக்கம் கொஞ்சம் சறுக்கும். டைஹெட்ரல் இருந்தால் அந்தச் சறுக்கல் காற்று தாழ்ந்த இறக்கையைக் கூடுதல் கோணத்தில் அடித்துத் தூக்கிவிடும். ஃபின் செய்வதோ வேறு, சறுக்கல் வந்த உடனே மூக்கைச் சறுக்குகிற பக்கமே திருப்பிவிடும், காற்றாடி காற்றைப் பார்த்துத் திரும்புவது போல. மூக்கு திரும்பினால் திருப்பம் இறுகும், வெளி இறக்கை இன்னும் வேகம் எடுக்கும். ஃபின் ஜெயித்தால் ஸ்பைரல், அதாவது சாய்வு தானாக ஏறிச் சுருளாக இறங்குவது. டைஹெட்ரல் ஜெயித்தால் டச் ரோல். எந்த விமானமும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. பிப்ரவரியில் நாங்கள் ஒரு ஓரத்தில் இருந்தோம், நான் சொன்ன ஒரு வார்த்தையாலும் நான் ஆட்டிய தலையாலும் இன்னொரு ஓரத்துக்குப் போய்விட்டோம்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. ரைட் சகோதரர்கள் 1901-ல் பறக்கவிட்ட கிளைடரில் இறக்கையை முறுக்கித் திருப்பியபோது மூக்கு எதிர்ப்பக்கம் போனது. அதைச் சரிக்கட்ட 1902 கிளைடரில் அசையாத ஃபின் வைத்தார்கள். அது சில நேரம் இன்னும் மோசமாகி, தாழ்ந்த இறக்கைப் பக்கம் சறுக்கி, மணலில் குத்திக்கொண்டு சுழன்றது. கிணறு தோண்டுவது என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். அசைகிற ரட்டராக (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடல்) மாற்றி, இறக்கை முறுக்கோடு இணைத்த பிறகுதான் அடங்கியது. நூற்றிருபது வருஷம் கழித்து நாங்களும் ராஜாக்கமங்கலத்தில் ஒரு கிணறு தோண்டினோம்.

வலது ஸ்டிக் கொடுத்ததும் ஏன் இடது புரண்டது என்பதுதான் பையன்களுக்கு நம்பவே முடியாத பகுதி. இடது இறக்கையைத் தூக்க அதன் ஏலிரான் கீழே இறங்கும். சாதாரண வேகத்தில் அந்த இறக்கை தூக்கும், கூடவே இழுவையும் ஏறும், அதனால் மூக்கு ஒரு கணம் எதிர்ப்பக்கம் போகும். இது எல்லா விமானத்திலும் உண்டு. ஆனால் அந்த இடது இறக்கை உள்பக்கம் இருப்பது, மெதுவாகப் போவது, ஏற்கெனவே ஸ்டால் ஆகும் விளிம்பில் நிற்பது. ஏலிரான் இறங்கியதும் அதன் கோணம் இன்னும் ஏறுகிறது, தூக்குவதற்குப் பதில் ஸ்டால் ஆகிறது, இழுவை எகிறுகிறது, மூக்கு அந்தப் பக்கம் இழுபடுகிறது. நல்ல நிலையில் கீழே போகிற இறக்கைக்குக் காற்றுக் கோணம் கூடி அதுவே புரளலை அடக்கும். ஸ்டாலுக்கு அப்புறம் அதே கோணம் கூடினால் தூக்குவிசை குறையும், அடக்குகிற கையே தள்ளிவிடுகிற கையாகிவிடும். இரண்டு ஏலிரானும் மேலும் கீழும் சம அளவில் அசையும்படி வைத்திருந்தது இதற்கு எண்ணெய் ஊற்றியது. ரட்டரை அவன் தொடவே இல்லை. தொடச் சொல்லி நான் பழக்கவும் இல்லை.

தோப்புப் பக்கம் வட்டம் விரிந்ததற்கும் விமானம் பொறுப்பில்லை. திரும்பி முடிக்க நாலு நொடி ஆகும், அதற்குள் காற்று 20 மீட்டர் தள்ளிக்கொண்டு போகும். காற்றுக்குள் விமானம் போட்டது சுத்தமான வட்டம்தான், தரையில் இருந்து பார்த்தால் மட்டும் நீண்ட கோழி முட்டை. அதைச் சுருக்க எலிவேட்டரை இழுப்பது பார்ப்பவன் கண்ணுக்கான மருந்து, விமானத்துக்கு விஷம்.

என்ன செய்வதென்று முடிவெடுத்தோம்

கட்டிய பையன், "ஸ்டெபிலைஸ் மோடுல போட்டு சாய்வ 40 டிகிரிக்கு மேல போகாம லிமிட் பண்ணிருவோம், பிரச்சனை முடிஞ்சுது" என்றான். எளிதான வழி, நானும் ஒரு நாள் யோசித்தேன். வேண்டாம் என்றதற்குக் காரணம், சாய்ந்த இறக்கையைத் தூக்க கண்ட்ரோலரும் அதே ஏலிரானைத்தான் போடும். வேகம் என்ன என்று அதற்குத் தெரியாது, இறக்கை ஸ்டால் ஆகிவிட்டால் அது செய்வதும் பையன் செய்ததும் ஒன்றுதான், என்ன, பதறாமல் செய்யும். விமானத்தை முதலில் ஒழுங்காக்குவோம், கண்ட்ரோலரைக் காவலுக்கு வைப்போம் என்று முடிவானது.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பறப்பு, ஒவ்வொரு பறப்பும் முடிந்ததும் அன்றே லாக் பார்ப்பது. பிப்ரவரியில் இரண்டை ஒன்றாகச் செய்து சூடு பட்டதால் இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். புராஜெக்ட் கெடுவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது, பையன்களுக்கு எரிச்சல், சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

முதலில் புது இறக்கை, இரண்டு பக்கமும் மூன்று டிகிரி டைஹெட்ரல், அதாவது பழைய ஆறுக்கும் பிறகு வந்த சுழியத்துக்கும் நடுவில். கூடவே ஃபின்னில் பெரிதாக்கிய பகுதியில் பாதியை வெட்டினோம். (இதுவும் இரண்டு மாற்றம்தான், தெரியும். ஆனால் இரண்டும் சேர்ந்துதான் ஒரே தராசு என்பதால் ஒன்றாக எண்ணிக்கொண்டோம்.) அடுத்தது ஏலிரான், மேலே போவது 20 மில்லிமீட்டர், கீழே இறங்குவது 10 மட்டும். மூன்றாவது இறக்கை முனைகளில் இரண்டு டிகிரி வாஷ்அவுட், அதாவது முனை கொஞ்சம் கீழ்நோக்கி முறுக்கியிருக்கும், ஸ்டால் ஆனால் உடல் பக்கம் முதலில் ஆகும், முனை கடைசி வரை பிடித்து நிற்கும். ஹாட் குளூவை வைத்துக்கொண்டு இரண்டு டிகிரி முறுக்கைச் சரியாக வைப்பது லேசு இல்லை. இடது பக்கம் ஒரு டிகிரிதான் வந்தது என்று கோண அளவியை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, நேரமில்லாததால் அப்படியே விட்டோம்.

பறக்கவிடுபவனுக்கும் பழக்கம். காற்று முதுகில் இருக்கும்போது திராட்டிலைத் தொடக்கூடாது. திருப்பம் அகலமாகப் போனால் போகட்டும், அதற்கு முன்பே திரும்பத் தொடங்கு. சாய்வு ஏறுகிறதா, முதலில் எலிவேட்டரைத் தளர்த்து, பவர் கொடு, சுழலத் தொடங்கினால் ரட்டரை எதிர்ப்பக்கம் கொடு, இறக்கை உயிர் பெற்ற பிறகு ஏலிரானால் நிமிர்த்து. எலிவேட்டரைத் தளர்த்து என்பதை அவன் கை ஏற்கவே இல்லை. மூக்கு தரையைப் பார்க்கும்போது கை பின்னால் இழுக்கத்தான் சொல்லும். வீட்டில் சிமுலேட்டரில் ஒரு வாரம் போட்டான்.

ஏப்ரல் பறப்புகள்

எல்லாம் காலை ஆறேகாலுக்கு, கடற்காற்று எழும்புமுன். டைஹெட்ரலும் ஃபின்னும் மாற்றிய முதல் பறப்பில் 20 டிகிரி சாய்த்துக் கையை விட்டபோது 30-க்குப் போக பன்னிரண்டு நொடி ஆனது. ஸ்பைரல் குணம் முழுக்க நீங்கவில்லை, ஆனால் தூங்கி எழுந்து பிடிக்கும் அளவுக்கு நேரம் இருந்தது. வாலாட்டம் கொஞ்சம் திரும்பி வந்தது, மூன்று நாலு ஆட்டத்தில் அடங்கியது. கேமரா படத்தில் அது தெரிந்தது என்று அந்தப் பெண்ணுக்கு வருத்தம்.

ஏலிரான் மாற்றியதும் மூக்கு எதிர்ப்பக்கம் போவது கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்தது. எல்லா மாற்றத்திலும் அதிகப் பலன் தந்ததும், செலவே இல்லாததும் இதுதான். ரிமோட்டில் ஒரு எண்ணை மாற்றினால் முடிகிற வேலை, இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஸ்டால் சோதனையை 80 மீட்டர் உயரத்தில் வைத்தோம். நேராக வேகத்தைக் குறைத்து ஐந்து முறை ஸ்டால் செய்ததில் நாலு முறை மூக்கு நேராகத் தாழ்ந்து தானாக எழுந்தது. ஒரு முறை இடது இறக்கை தாழ்ந்தது. காரணம் அந்த ஒரு டிகிரி என்று நினைக்கிறேன். பையன் எலிவேட்டரைத் தளர்த்தி, ரட்டர் கொடுத்து, இருபது மீட்டர் இழந்து மீட்டான். பக்கத்தில் நின்ற எனக்கு வேர்த்துவிட்டது, அவனுக்கு இல்லை.

கடைசியில் வேண்டுமென்றே ஒரு பறப்பைப் பத்து மணிக்கு மேல் வைத்தோம், அதே கடற்காற்றில். இரண்டாவது சுற்றில் தோப்பை நோக்கிப் போகும்போது அவன் விரல் மறுபடி திராட்டிலைக் குறைத்தது. "லேய், கை!" என்று கட்டிய பையன் கத்தினான். திரும்பப் பவர் கொடுத்தான். திருப்பம் அகலமாகப் போய், தென்னை மட்டைகளுக்கு மேலே பத்து மீட்டரில் வந்து திரும்பியது. சாய்வு 34 டிகிரியைத் தாண்டவில்லை. பழகிய கண் ஒரு மாதத்தில் மாறாது என்பதற்கு அந்த லாக்கை அவர்கள் அறிக்கையிலும் சேர்த்தார்கள். அறிக்கையில் காற்று வீச்சு என்ற வார்த்தை வரவில்லை.

இன்னொரு முறை செய்தால்

முதல் நாளிலிருந்து, ஒவ்வொரு பறப்பிலும், உயரத்தில் 20 டிகிரி சாய்த்துக் கையை விட்டு, என்ன ஆகிறது என்று பத்து நொடி பார்க்க வைப்பேன். காசில்லாத சோதனை. மார்ச் தொடக்கத்தில் இதைச் செய்திருந்தால் அந்த இறக்கை ஒடிந்திருக்காது.

வேக சென்சாரை முதலில் வாங்கச் சொல்வேன், கேமராவை அப்புறம். அவர்கள் இப்போது வாங்கிவிட்டார்கள், ரிமோட்டில் வேகம் 10-க்குக் கீழே போனால் சத்தம் போடும்படி வைத்திருக்கிறார்கள்.

மணி பத்தைத் தாண்டினால் அன்றைய பறப்பு இல்லை, டீ யார் வாங்கப் போனாலும் சரி. பறக்கவிடுகிறவன் கையில் ஏதோ பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றைய லாக்கை அன்றே திறப்பேன். பழகிவிடும் என்று சொல்லமாட்டேன்.

இடது இறக்கையில் அந்த ஒரு டிகிரி இன்னும் அப்படியே இருக்கிறது. ஜூனில் கன்னிப்பூ நடவு வந்து வயல் தண்ணீராகிவிட்டது, அறுவடை முடிந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர்.